ஒரு பணத்து உப்பு

முன்னொரு காலத்தில், போர் ஓய்ந்து போய், உட்கார்ந்து யோசிக்க ராஜாவுக்கு நிறைய நேரம் கிடைத்த ஒரு நாட்டில் நடந்தது இது. கடற்கரையில் இருந்த அலைவாயூரில் ஒரு பணம் கொடுத்தால் ஒரு கூடை உப்பு கிடைக்கும். மலைமேல் இருந்த மேல்பாறையில் அதே பணத்துக்கு ஒரே ஒரு படிதான்.

"இரண்டு ஊரிலும் என் தலை பொறித்த காசுதானே! மலை ஏறினால் மட்டும் என் தலைக்கு மதிப்பு குறைவது ஏன்?" என்று மன்னர் சபையில் கேட்டார். நல்ல கேள்விதான். பதில் சொல்ல எழுந்த ஆள்தான் சரியில்லை.

எழுந்தவர் அமைச்சர் அனந்தராயர். "மன்னா, மலையில் உப்பு விற்கும் பேச்சி என்பவள் கொள்ளையடிக்கிறாள். அவளுடைய கழுதைகளைப் பறிமுதல் செய்ய வேண்டும்" என்றார்.

பேச்சியை இழுத்து வந்தார்கள். "சாமி, கழுதைங்க போச்சுன்னா எம் பிள்ளைங்க பட்டினிதான்" என்று அழுதாள். அரசவை விகடன் மருதப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "அவள் மேல் தவறு இல்லை மன்னா" என்று சொல்லிவிட்டான்.

மருதப்பனைக் கண்டாலே அமைச்சருக்கு வயிறு எரியும். விடுவாரா? "அப்படியானால் இந்த விகடனே அடுத்த சந்தையன்று மேல்பாறையில் கடற்கரை விலைக்கே உப்பு விற்றுக் காட்டட்டும். தவறினால் கழுதைகள் அரண்மனை லாயத்துக்கு, இவன் நாட்டுக்கு வெளியே!" என்றார். மன்னரும் சம்மதித்தார்.

சந்தை நாள் வந்தது. மருதப்பன் வெறும் பாயை விரித்து உட்கார்ந்து, "ஒரு கூடை ஒரு பணம்!" என்று கூவினான். அமைச்சர் மன்னரை அழைத்துக்கொண்டு வந்து பணத்தை வீசினார். "எங்கே உப்பு?"

"அலைவாயூரில் அளந்து வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்."

"மோசடி மன்னா!"

"விலையைத்தானே ஒன்றாக்கச் சொன்னார் அமைச்சர், மன்னா? ஊரை ஒன்றாக்கச் சொல்லவில்லையே அவர்!"

மன்னருக்கு ஆவல் தாங்கவில்லை. "அமைச்சரே, நீரே போய் எடுத்துவாரும். பேச்சி வரும் வழியிலேயே வர வேண்டும். பல்லக்கு கிடையாது. கையில் காசும் கிடையாது, உப்புதான் உமக்குக் காசு" என்றார்.

அடுத்த சந்தையன்று அமைச்சர் வந்து சேர்ந்தார். தலைப்பாகையைக் காணோம், செருப்பு ஒற்றைக்காலில்தான் இருந்தது.

"உப்பு எங்கே போயிற்று?"

"கழுதைக்காரன் கூலிக்கு அள்ளிக்கொண்டான் மன்னா. ஆற்றில் ஓடக்காரன் கொஞ்சம் எடுத்தான். மலைப்பாதையில் மழை வேறு பிடித்துக்கொண்டது, பாதி கரைந்து ஓடிற்று. அப்புறம் சுங்கச்சாவடியில்..."

"அங்கே யார் எடுத்தது?"

"எப்படிச் சொல்வேன்... தங்கள் ஆட்கள்தான் மன்னா."

மன்னர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பேச்சி தன் படியைக் கொண்டுவந்து மிச்ச உப்பை அதில் கொட்டினாள். படி நிறையவில்லை.

"அட என்ன சாமி, எங்கிட்ட வாங்கியிருந்தா கும்பலா அளந்து போட்டிருப்பேனே!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் தலைக்கு மதிப்பு குறையவில்லை, உப்புதான் மலை ஏறி ஏறி இளைத்திருக்கிறது! இனி உப்புக்குச் சுங்கம் இல்லை. பேச்சி, கழுதைகளை ஓட்டிக்கொண்டு போ. மருதப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"கடற்கரை விலைக்கு ஒரு கூடை உப்பு போதும் மன்னா. என் வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். அமைச்சருக்குத்தான் இப்போது வழி தெரியுமே!"

மன்னர் மறுபடியும் சிரித்தார், கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார். மறுபடியும் நடக்கச் சொல்லிவிட்டால் செருப்பே இல்லை என்று சொல்லித் தப்பிக்க, அமைச்சர் மிச்சமிருந்த செருப்பையும் கழற்றிப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.