மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் கடைசியில்தான் தருவேன். நடுவில் வேறு சில சிரிப்புகள் தலைகாட்டும். ஏமாந்து சிரித்துவிடாதீர்கள்.

"காசு கொடுக்கிறவனுக்கு மீன் தரமாட்டேன்னா, பெறகு எதுக்கும்மா மீன்கடை?"

சீடன் இப்படித்தான் ஆரம்பித்தான்.

சீடன் என்றால் காவி வேட்டி இல்லை. பெயர் குற்றாலிங்கம். தென்காசியில் டிரை கிளீனிங் கடை. என்ன கறையானாலும் எடுத்துவிடுவார். வயது ஐம்பதைத் தாண்டியவர் என்பதால் "ஆரம்பித்தார்" என்று மாற்றிக்கொள்வோம்.

குருவுக்கும் தாடி கிடையாது. பெயர் பியூலா. வண்ண மீன் கடை நடத்துகிறவர், சீடனைவிட இளையவர். என்ன கேட்டாலும் முதலில் தொட்டியைப் பார்ப்பார், பிறகு ஆளைப் பார்ப்பார், அப்புறம் ஒரே ஒரு வரி பேசுவார். குருமார்களுக்கு வரும் அதே வியாதி.

"தண்ணி இன்னும் பழகல அண்ணாச்சி."

"கண்ணாடி மாதிரி இருக்கேம்மா."

"அதான் சொல்றேன்."

தொட்டி, மணல், நீர்ச்செடிகள், காற்றுக்குழாய், அதன் முனையில் ஒரு ஸ்பாஞ்ச். எல்லாம் பியூலா கடையில் வாங்கி ஹாலில் வைத்தாகிவிட்டது. மீன் மட்டும்தான் பாக்கி.

அவசரத்துக்குக் காரணம் உண்டு.

குற்றாலிங்கத்தின் மனைவி வடிவு தை மாதம் காய்ச்சலில் செத்துப்போனாள். ஒரே மகள் கோமதி, நாலாம் வகுப்பு. அவள் இப்போது சங்கரன்கோவிலில் மாமா வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள். ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இங்கே சிரிப்பு இல்லை. நகருவோம்.

ஹால் சுவரில் ஓர் எண்ணெய்க்கறை இருந்தது. தலை அளவுக்கு, வட்டமாக. வடிவு சாய்ந்து சாய்ந்து வந்த கறை. குற்றாலிங்கம் வருஷக்கணக்கில் கத்தியிருக்கிறார். ஊரான் சட்டையில் கறை எடுக்கிறவன் வீட்டுச் சுவரைப் பார், எண்ணெய்த் தலையோடு சாயாதே என்று. வடிவு சரி என்பாள். சாய்வாள்.

அவள் போன பிறகு கோமதி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். தலை எட்டவில்லை. இரண்டு தலையணைகளை அடுக்கி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, தலையைக் கறைக்குச் சரியாகக் கொடுத்தாள். டிவி பார்க்க வசதியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

டிவி ஓடவில்லை. நீங்கள் கவனித்துவிட்டீர்கள். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

காரியம் முடிந்ததும் அவர் வீட்டைச் சுத்தம் செய்தார். தெரிந்த துக்கம் அது ஒன்றுதான். வடிவின் சேலைகளை யாருக்கோ கொடுத்தார். சுவரில் மருந்து போட்டுத் தேய்த்தார். கறை போனது. மேலே இரண்டு கோட்டிங் வெள்ளை அடித்தார்.

பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த கோமதி சுவருக்கு முன்னால் நின்றாள்.

"அது எங்கப்பா?"

"அது வெறும் அழுக்கு கோமு."

அடுத்து மாமா வந்தபோது அவள் பையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றாள். செத்த வீடு என்று பிள்ளை பயப்படுகிறது என்றார்கள். அவரும் நம்பினார்.

போனில் ஆசை காட்டிப் பார்த்தார். சைக்கிள் வாங்கித் தரவா? பதில் இல்லை. நாய்க்குட்டி? இல்லை. மீன்? "ம்" என்றாள். அந்த ஒரு "ம்"முக்காகத்தான் இவ்வளவும்.

பியூலா ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

"தெனமும் ஒரு சிட்டிகை போடுங்க."

"யாருக்கும்மா?"

"உள்ள இருக்கதுக்கு."

"உள்ள ஒண்ணும் இல்லியே."

"வந்துட்டு இருக்கு."

சீடன் பணிந்தார். காலையில் சாமி கும்பிட்ட கையோடு, மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி போட்டார். அடுத்த வீட்டு மாசானம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். மீன் சாப்பிட்டதா, ஏப்பம் விட்டதா என்று விசாரித்தார். "அப்பிடியே எங்க வீட்டுல இல்லாத மாட்டுக்கும் ஒரு கட்டு புல்லு போடும்வே" என்றார்.

நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. பொறுங்கள்.

தீனி அழுகியது. தண்ணீர் பால்போலக் கலங்கித் தெளிந்தது. செடிகள் புது இலை விட்டன. பியூலா அவ்வப்போது வந்து, கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மருந்து சொட்டிப் பார்ப்பார். விஷம் இருந்தால் நிறம் ஏறும். ஏறிய நிறம் வாராவாரம் இறங்கிக்கொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனன் போன் செய்தான். "அத்தான், பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது. ஞாயித்துக்கெழம புள்ளையக் கூட்டிட்டு வாரேன். இருந்தாள்னா இருக்கட்டும். இல்லேன்னா டி.சி. வாங்கி இங்கனயே சேத்துருதேன். வருத்தப்படாதிய."

குற்றாலிங்கம் பியூலாவிடம் ஓடினார். பியூலா வந்து குழாயில் மருந்து சொட்டிப் பார்த்தார், நிறம் ஏறவில்லை; ஆளைப் பார்த்தார். ஞாயிறு காலை தானே மீன் கொண்டுவருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை குற்றாலிங்கம் தொட்டி முன்னால் நின்றார். டெலிவரிக்குப் போகும் சட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எல்லாம் சரி. அந்த ஸ்பாஞ்ச் மட்டும் கறுத்து, வழவழவென்று, சேற்று வாடையோடு இருந்தது.

பிள்ளை நாளைக்கு வருகிறது.

ஸ்பாஞ்சைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். வெந்நீர், சோப்புத் தூள், பிளீச்சிங். நன்றாக அலசி வெயிலில் உலர்த்தினார். இஸ்திரி ஒன்றுதான் போடவில்லை. திரும்பி வந்து பழைய தண்ணீரையும் இறைத்துக் கொட்டிவிட்டு, மணலை அலசி, புதிதாகக் குழாய்த் தண்ணீர் பிடித்து நிரப்பினார்.

ஞாயிறு காலை குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பியூலா முதலில் வந்தார். கையில் கவர் நிறையத் தண்ணீர், உள்ளே சிவப்பும் நீலமுமாக மீன்கள்.

கவரைக் கீழே வைக்காமல் தொட்டியைப் பார்த்தார். வெள்ளை ஸ்பாஞ்சை வெளியே எடுத்து முகர்ந்தார்.

"எதுல கழுவுனீங்க?"

குற்றாலிங்கம் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னார்.

"எல்லாம் செத்துருச்சு அண்ணாச்சி."

அவர் தொட்டியைப் பார்த்தார். காலித் தண்ணீர். கவரைப் பார்த்தார். மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

சிரித்தார்.

இதுதான் அது. சொன்னேன் அல்லவா? தை மாதத்துக்குப் பிறகு குற்றாலிங்கம் சிரித்த முதல் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என்ன ஏது என்று தெரியாமலே ஜன்னலில் மாசானமும் சேர்ந்துகொண்டார்.

"ஒத்த மீனு இல்ல. என்னத்தம்மா செத்துது?"

"கண்ணுக்குத் தெரியாதது. அந்த ஸ்பாஞ்சுலதான் குடியிருந்துச்சு. தண்ணியில சேருற வெசத்த அதுதான் தின்னுட்டு இருந்துச்சு. இப்ப இதுல மீன விட்டா சாவும்."

"குடியிருந்துச்சா? அது வெறும் அழுக்கும்மா."

சொல்லி முடித்த வாய் திறந்தபடியே நின்றது.

மாசானத்தின் சிரிப்பு மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் ஓடி, துணை இல்லாமல் நின்றது.

குற்றாலிங்கம் தொட்டிக்குப் பக்கத்தில், கறை இருந்த சுவரைப் பார்த்தார். பால்போல வெள்ளை.

"மறுபடி வராதா?"

"மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும் அண்ணாச்சி."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மைத்துனன் அத்தான் என்று கூப்பிட்டான். சின்னச் செருப்புச் சத்தம் படி வரைக்கும் வந்து, அதற்குமேல் வரவில்லை.

குற்றாலிங்கம் வாசலுக்குப் போகவில்லை. வெள்ளைச் சுவருக்குப் போனார். வெறும் தரையில் உட்கார்ந்தார். எண்ணெய்த் தலையைச் சுவரில் வைத்து அழுத்திச் சாய்ந்தார்.