நாலு விரல் உயர்ந்த கார்

கொக்கரப்பட்டணத்து ராஜா மகுடேசுவரனுக்கு ஒரே ஒரு வயிற்றெரிச்சல். பக்கத்து நாட்டு ராஜாவின் கார் இவருடைய காரைவிட உயரம். ராஜாவுக்கு ஏது கார் என்று கேட்பவர்கள், ஒரு தேர் பிடித்து வேறு கதைக்குப் போய்விடலாம்.

"நம்ம காரும் உசரணும்," என்றார் ராஜா. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டிய மாதிரி குரல்.

மந்திரி பெருந்தேவனுக்கு வாய் இருந்தும் மூக்கால்தான் பேச்சு. "ங்... இதுக்கா கவலை மன்னா? என் மச்சான் சடையாண்டி கப்பல்ல வந்த ஸ்பிரிங் வச்சிருக்கான். மாட்டுனா நாலு விரல் உசரும்."

மாட்டினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். தண்டோராவும் போட்டார்கள். கார் நாலு விரல் உயர்ந்தது உண்மை. நேராகப் போக மறந்ததும் உண்மை. ஸ்டியரிங்கில் கை கொஞ்சம் தளர்ந்தால் போதும், இடப்பக்கம் இழுத்தது. முதல் ஊர்வலத்திலேயே, கும்பிட்டு நின்ற ஜனங்களை விட்டுவிட்டு ராஜாவை நேரே வெல்ல மண்டிக்குள் கொண்டுபோய் இறக்கியது.

அரண்மனை ஷெட்டைக் கவனிக்கும் தாவூத் பாயைக் கூப்பிட்டார்கள்.

"சக்கரம் சாஞ்சு நிக்குது மன்னா," என்றார் பாய். "கம்பெனிக்காரன் வண்டிய ஒரு உசரத்துல செஞ்சிருக்கான். அந்த உசரத்துக்குத்தான் சக்கரம் எப்படி நிக்கணும்னு புக்குல கணக்குப் போட்டிருக்கான். இவங்க ஸ்பிரிங்க மட்டும் மாத்திட்டாங்க. அதுக்குத் தோதா இன்னும் நாலஞ்சு பாகம் மாத்தணும். இல்லேன்னா பழைய ஸ்பிரிங்கையே போட்டுரலாம்."

"ங்... தொழில் தெரியாதவன் பேச்சு," என்றார் மந்திரி. "சக்கரம் நேரா நிக்குதான்னு பாக்கற அலைன்மென்ட் மெஷின்ல கம்பெனிக் கணக்கு இருக்கு. பச்சை வந்தா சரி. சிவப்பு வந்தா இவன் கை சரியில்ல. ஷெட்டை நம்ம மச்சான்கிட்ட குடுத்துப் பாருங்க."

ராஜா டப்பாவை உருட்டினார். "ஸ்பிரிங்கைக் கழட்டக் கூடாது. வேற பாகமும் மாட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை பக்கத்து நாட்டுல கல்யாணம். அதுக்குள்ள மெஷின்ல எல்லாம் பச்சையா வரணும். வரலேன்னா சாவி சடையாண்டிக்கு. பாய் குடும்பத்தோட எல்லை தாண்டட்டும்."

பாய் ரெண்டு நாள் காருக்கு அடியிலேயே கிடந்தார். முறுக்கினார், திருகினார், தளர்த்தினார். மெஷின் திரை மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்தே இருந்தது. அப்போதுதான் அரசவை விகடன் குறும்பலாநாதன் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"பாய், உசரம் ஏறினதாலதான் சிவப்பா?"

"ஆமாப்பா."

"எறங்கினா?"

"எறக்கணும்னா ஸ்பிரிங்கைக் கழட்டணும். அதான் கூடாதுங்கறாரே."

"கழட்டாம அமுக்கினா?"

பாய் திருப்புளியைக் கீழே வைத்தார். "அமுக்கலாம். ஆனா அது சரியான கல்லு ஸ்பிரிங்கு. ஆறேழு பெரிய மூட்டையாவது ஏத்தணும்."

"மூட்டை என் பொறுப்பு," என்றான் குறும்பலாநாதன்.

வியாழக்கிழமை சபையில் எழுந்து நின்று குழைந்தான். "மன்னா, இந்த ஸ்பிரிங்கால நம்ம நாட்டுக்கே பெருமை. இதை நல்லதுன்னு முதல்ல சொன்னவங்களைக் கௌரவிக்க வேண்டாமா? யார் யாருன்னு கை தூக்கட்டும்."

மந்திரி கை முதலில் போனது. அடுத்து சடையாண்டி. அப்புறம் கஜானா பார்க்கும் மச்சான், கோட்டைக் கதவு பார்க்கும் மச்சான், ஒன்றுமே பார்க்காமல் சம்பளம் வாங்கும் மூன்று மச்சான்கள். மொத்தம் ஏழு கை. அரண்மனைச் சாப்பாட்டில் ஊறிய ஏழு உடம்பு.

"மரியாதை ஷெட்ல," என்றான் குறும்பலாநாதன். ராஜாவும் ஆவலாகக் கூடவே வந்தார்.

மூன்று மச்சான்களைப் பின்சீட்டில் திணித்தான். ஒருவரை முன்சீட்டில் வைத்தான். மந்திரியை டிக்கியில் மடித்து வைத்தான். "பின்பக்கம் எறங்கிருச்சு, முன்பக்கம் பத்தல," என்றார் பாய். மீதி ரெண்டு பேரும் பானெட் மேல் ஏறினார்கள். மேலே சடையாண்டி, கீழே இன்னொருவர். கார் முனகிக்கொண்டு நாலு விரல் இறங்கியது. பாய் கடைசியாக ஒரு திருகு திருகினார்.

திரையில் பச்சை. நாலு சக்கரமும் பச்சை.

டிக்கியில் மந்திரி தும்மினார். சிவப்பு.

"அசையாதீங்க மந்திரி," என்றார் பாய் பணிவாக.

மறுபடி பச்சை. ராஜா திரையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "பச்சை வந்துருச்சு. சரி, எல்லாரும் எறங்குங்க."

"எறங்கினா சிவப்பு மன்னா," என்றான் குறும்பலாநாதன். "ஸ்பிரிங்கைக் கழட்டல. வேற பாகம் மாட்டல. புத்தகக் கணக்கு அப்படியே வந்திருக்கு. நாளைக்குக் கல்யாணத்துக்கும் இவங்க இப்படியே வந்தாத்தான் கார் நேராப் போகும். அறுபது மைல்தானே. நீங்க பின்சீட்ல அந்த மூணு மச்சானுக்கு நடுவுல உட்கார்ந்துக்கலாம்."

ராஜா குனிந்து உள்ளே பார்த்தார். நடு மச்சானுக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் சிநேகமாகச் சிரித்து, ராஜாவுக்கு இடம் விடுவதற்காக அரை விரல் நகர்ந்தார். சிவப்பு.

"ஏன்யா, உசரமும் போச்சே இப்ப," என்றார் ராஜா.

"உசரம் வேணுமா, பச்சை வேணுமா மன்னா? இந்த ஸ்பிரிங்கை மட்டும் வச்சுக்கிட்டு ரெண்டும் வராது. பாய் அன்னைக்கே அதைத்தான் சொன்னார்."

ராஜா டிக்கிப் பக்கம் போனார். உள்ளே மந்திரியின் முழங்கால் அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. "மந்திரி, இது உங்க ஸ்பிரிங். நீங்களே சொல்லுங்க. அப்படியே கிளம்பலாமா?"

டிக்கியிலிருந்து குரல் வந்தது. மூக்கு அமுங்கிக் கிடந்ததால், முதல் தடவையாக வாய் வழியாகவே வந்தது. "பழைய ஸ்பிரிங்தான் மன்னா உத்தமம். பாய் கைதான் கை. ஷெட் சாவி அவர்கிட்டயே இருக்கட்டும். தயவுசெஞ்சு இப்பவே மாத்தச் சொல்லுங்க."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தகர டப்பா ஷெட் முழுக்க உருண்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி பாய் கையில் கொடுத்துவிட்டு, "விகடா, உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"எனக்கு எதுவும் வேண்டாம் மன்னா," என்றான் குறும்பலாநாதன். "அந்த டிக்கியை மட்டும் தினம் ஒரு மணி நேரம் சபைக்குக் குடுங்க. அதுக்குள்ள உட்கார்ந்தாத்தான் மந்திரி நேராப் பேசறார்."