ஒரு ஸ்பூன் எண்ணெய்

சிங்காநல்லூர்க் குளத்துக்குப் பின்னால் பிலோமினாவின் பட்டறை. அங்கே எல்லாரும் அவளை மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட எட்டு வயது மூத்த சென்னியப்பனும் அப்படித்தான். பஞ்சாலை வேலை போன பிறகு, ஐம்பத்தாறு வயதில், "எனக்கு இஞ்சின் சொல்லிக் குடுங்க" என்று வந்து நின்றவர் அவர்.

மூன்று வாரமாக அவர் நெஞ்சில் ஒரு கேள்வி கிடந்தது. கார்த்திகை மாதத்து ஒரு காலையில், கை துடைக்கிற துணியைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டார்.

"மாஸ்டரம்மா, டாக்டர் சொன்னதை ரங்கநாயகிகிட்ட நான் இன்னும் சொல்லலைங்க. தை பொறந்தா நீ எந்திரிச்சு நடப்பேன்னு தேத்திட்டிருக்கேன். பொண்டாட்டிகிட்ட இப்படிச் சொல்றது தப்புங்களா?"

"டாக்டர் என்னண்ணா சொன்னாரு?"

"தை வரைக்கும் தாங்காதுன்னாருங்க."

பிலோமினா கழுத்துச் செபமாலையைத் தொட்டுக்கொண்டாள். உள்ளே நின்ற சிவப்புக் காரைக் காட்டினாள்.

"தேவசகாயம் சார் பத்து மணிக்கு வருவாரு. அதுக்குள்ள அதோட மூச்சைப் பார்த்து வைங்க."

முப்பத்தைந்து வருடப் பழைய கார் அது. மற்ற வண்டிகளைப் போல மேலும் கீழும் போய்வருகிற பிஸ்டன் அதில் கிடையாது. முக்கோணமாக இரண்டு ரோட்டார்கள், தத்தம் கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முனையிலும் விரல் நீளத்துக்கு ஒரு சீல். அந்தச் சீல் கூட்டின் சுவரோடு ஒட்டி நின்றால்தான் உள்ளே காற்று அழுந்தும். அழுந்தினால்தான் வண்டிக்குப் பலம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் ஓட்டை வழியாகப் புஸ், புஸ், புஸ் என்று மூன்று மூச்சு வரும். பிலோமினா மீட்டர் வைப்பதற்கு முன்னால் ஒரு துண்டுச் செய்தித்தாளைத்தான் அங்கே பிடிப்பாள். படபடவென்று அடித்தால் இஞ்சின் நன்றாக இருக்கிறது.

சென்னியப்பன் இஞ்சினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, காகிதத்தைப் பிடித்தார். தூங்குகிற குழந்தையின் மூக்குக்கு நேரே பிடித்ததுபோல லேசாக அசைந்தது. அடுத்த ரோட்டாரும் அப்படியேதான்.

அவருக்குத் தேவசகாயம் சாரின் முகம் ஞாபகம் வந்தது. ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் அவர் மகன் ஜெபஸ்டினுடையது. காயலான் கடையில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அவனே சரி பண்ணினது. அவன் போய் நாளையோடு ஒரு வருடம். கோத்தகிரியில் அவனை அடக்கம் செய்த இடத்துக்கு அவன் காரிலேயே ஏறிப்போக வேண்டும் என்பது சாரின் ஆசை.

சென்னியப்பன் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். இரண்டு ஓட்டைகளிலும் ஒவ்வொரு ஸ்பூன் விட்டார். எரிந்து தீரும்வரை அது சீலின் இடுக்கை அடைத்துக்கொள்ளும்.

சரியாகப் பத்து மணிக்கு சார் வந்துவிட்டார். "என்னப்பா சென்னியப்பா, உம்ம பேஷண்ட் எப்படி?"

சென்னியப்பன் ஸ்டார்ட்டரைச் சுற்றினார். காகிதம் கொடிபோல அடித்துக்கொண்டது. சாரின் முகம் மலர்ந்துபோயிற்று.

"அடேங்கப்பா! மலை ஏறிருமா?"

"ஏறி..." என்று சென்னியப்பன் வாயெடுக்கையில் பிலோமினா வந்து அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பொட்டுப் பொட்டாக எண்ணெய். அவரைத் திட்டவில்லை.

"பிளக்கை மாட்டுங்கண்ணா. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

இஞ்சின் ஓடியது. நீலப் புகை பட்டறையை அடைத்தது. "என்னைவிட மோசமா இருமுதே!" என்றார் சார், இருமிக்கொண்டே. யாரும் சிரிக்கவில்லை. புகை மெல்லக் குறைந்து நின்றது.

"இப்ப மறுபடி பாருங்க."

காகிதம் லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.

சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள ஏதாச்சும் உடைஞ்சிருச்சா?"

"எதுவும் உடையல சார். உடைஞ்சிருந்தா மூணு மூச்சும் இப்படி ஒரே மாதிரி வராது. இது தேஞ்சு போனது."

"வேற சீல் போட்டா?"

"போன தடவை பிரிச்சப்பவே பார்த்தேன். சுவரே தேஞ்சிருச்சு. புதுசு போட்டாலும் ஒட்டாது. பாதி மலையில நின்னுரும் சார்."

சார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவன் சரியாப் பாத்துக்கலையோ?"

"நல்லாப் பாத்துக்கிட்டான் சார். அதனாலதான் இத்தனை நாள்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"சமதரையில ஓடுமா?"

"மெதுவாப் போனா ஓடும்."

"அப்ப மேட்டுப்பாளையம் வரைக்கும் இதுல போறேன். அங்க நிறுத்திட்டு பஸ் ஏறிக்கறேன். அவனும் பஸ்லதானே காலேஜ் போய் வந்தான்." ஸ்டியரிங்கை ஒருமுறை தடவினார். "நல்லவேளை சொன்னே தாயி. பூவை வாங்கிக்கிட்டு நடுமலையில நின்னுருப்பேன்."

கார் தெருமுனை திரும்புகிற வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவரு முகத்தைப் பார்க்க முடியலைங்க. அதான் ஊத்தினேன்" என்றார் சென்னியப்பன்.

"தெரியும்ணா."

"அவரு தாங்கிட்டாரு. ரங்கநாயகி தாங்கமாட்டாளுங்க."

பிலோமினா கையைக் கழுவினாள். "எங்கியாவது போகணும்னு அக்கா கேட்டாங்களா?"

சென்னியப்பன் தலையாட்டினார். "பவானிக்குங்க. அவ பொறந்த ஊரு. கூடுதுறைப் படிக்கட்டுல ஒருக்காக் கால் நனைக்கணுமாம். ஆடியிலிருந்து கேட்டுட்டே இருக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்திரிச்சு நடந்ததும் கூட்டிட்டுப் போறேன்னு..."

அவர் கண் எண்ணெய்க் குப்பியில் போய் நின்றது.

ஆணியில் தொங்கிய பட்டறை வேனின் சாவியை எடுத்து, எண்ணெய் காயாத அவர் உள்ளங்கையில் வைத்தாள் பிலோமினா.

"பின்சீட்டை நான் கழட்டி வைக்கிறேன். அக்கா படுத்துக்கிட்டே வரட்டும்."