தவிட்டின் கோபம்

அந்தக் காலத்தில் நெல்லுக்கும் மாட்டுக்கும் பேச வாய் இருந்தது. அதைக் கேட்கிற காது மனிதருக்கும் இருந்தது, தமக்கு வேண்டும்போது மட்டும்.

ஆற்றோரத்து ஊர் ஒன்றில் நெல்லை ஒரு தரம்தான் குத்துவார்கள். உமியைப் புடைத்துத் தள்ளிவிட்டு, தவிடு ஒட்டிய சிவந்த அரிசியை அப்படியே உலையில் போடுவார்கள். உடம்பை நடத்துகிற உயிர்ச்சத்து அந்தத் தவிட்டில்தான் இருந்தது. அரிசி விறகு என்றால் தவிடு நெருப்பு. நெருப்பில்லாமல் எத்தனை விறகை அடுக்கினாலும் அடுப்பு எரியாது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

அந்த ஊர்த் தலைவர் பெருங்காடனின் மகளைப் பெண் பார்க்க அக்கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இலையில் சோறு விழுந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன், இந்த ஊரில் அரிசியைக் கழுவாமலே பொங்குவீர்களா, இவ்வளவு அழுக்காக இருக்கிறதே என்று கேட்டான். நியாயமாக அவனை அந்தப் பந்தியிலிருந்தே எழுப்பி அனுப்பியிருக்க வேண்டும். பெருங்காடன் என்ன செய்தார்? கூசிப்போனார். தலை நிமிராமல் மோர் ஊற்றச் சொன்னார். ஒரு வாய்க்கொழுப்புக்காரன் கேட்ட கேள்விக்கு ஓர் ஊரே விலை கொடுத்தது இப்படித்தான்.

மறுநாளே அரிசியைத் திரும்ப உரலில் போட்டு, வெளுக்கும் வரை தீட்டச் சொன்னார். நான் அழுக்கில்லை, என்னை உரிக்காதீர்கள் என்று தவிடு உரலுக்குள் கிடந்து கதறியது. உலக்கைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பின்னால் சொன்னார்கள். பொய். கேட்டது. புடைத்து எடுத்த தவிட்டை மாட்டுத் தொட்டியில் கொட்டினார்கள். தலைவர் வீட்டுச் சோறு வெள்ளை வெளேர் என்று ஆயிற்று. தலைவர் வீட்டில் வெள்ளைச் சோறு என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வீட்டுக்கு வீடு தீட்டினார்கள்.

அறுவடை முடிந்து மழை வருவதற்குள் ஊர் படுத்துவிட்டது. வயிறு நிறையத் தின்றவர்களுக்குக் கால் மரத்தது. பாதம் எரிந்தது. வரப்பில் நடந்தவர்கள் தடுக்கி விழுந்தார்கள். காற்று, கருப்பு, கண்ணேறு என்று எதையெதையோ குற்றம் சொன்னார்கள். சோற்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. வெள்ளையாக இருப்பது கெடுதல் செய்யும் என்று எப்படி நினைப்பார்கள்!

தலைவர் வீட்டில் நெல் குத்துகிறவள் சடைச்சி. அவளுக்குக் கைக்குழந்தை. மார்பில் பால் இருந்தது, குழந்தை குடிக்கவும் செய்தது. ஆனால் தலை நிற்கவில்லை. அழுவதற்கு வாயைத் திறந்தால் சத்தமே வரவில்லை. முகம் மட்டும் சுருங்கிச் சிவந்து அடங்கும். அழுகிற பிள்ளையைத் தேற்றலாம். சத்தமில்லாமல் அழுகிற பிள்ளையை எந்தத் தாயால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

அவள் மாட்டுத் தொழுவத்துக்குப் போனாள். செவலைப் பசுவின் கன்று கயிறு தெறிக்கத் துள்ளிக்கொண்டிருந்தது. உன் பிள்ளைக்கு மட்டும் எப்படி இந்தத் தெம்பு என்று கேட்டாள். நீங்கள் வேண்டாம் என்று கொட்டியதைத்தான் நான் தின்கிறேன், என்னைக் கேட்காதே, அதையே கேள் என்று பசு தொட்டியைக் காட்டியது.

சடைச்சி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, திரும்பி வரும்படி தவிட்டைக் கெஞ்சினாள்.

"வர மாட்டேன்," என்றது தவிடு. "பந்தியில வச்சு என்னை அழுக்குன்னு சொன்னப்ப ஒருத்தரும் வாயத் தொறக்கல. உலக்கையப் புடிச்சதும் நீதான்."

"புடிச்சேன். தப்புதான். எம் புள்ள உன்னை என்ன செஞ்சுச்சு?"

தவிடு அவள் மடியில் கிடந்த குழந்தையை எட்டிப் பார்த்தது. பிறகு சொன்னது: "என்னை அழுக்குன்னு சொன்ன அந்த ஆளு இலையில இனி என் மொகம் படாது. ஆனா என்னை உரிக்கிறதுக்கு முன்னாடி நெல்லோட ஊறவச்சு அவிச்சிரு. சூடு தாங்காம எஞ்சத்துல பாதி அரிசிக்குள்ள ஓடிப் பூந்துக்கும். அப்பறம் எவன் தீட்டுனாலும் அதை எடுக்க முடியாது."

சடைச்சி யாரையும் கேட்கவில்லை. தலைவர் வீட்டுக் குதிரிலிருந்து நெல்லை அள்ளி ஊறவைத்தாள். முற்றத்தில் பெரிய அண்டாவை ஏற்றி அவித்தாள். தெரு முழுக்க வாடை எழுந்தது. பெருங்காடன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"யாரைக் கேட்டு எந் நெல்ல வேகவச்ச?"

"யாரைக் கேட்டுங்கய்யா எங்க சோத்துலேருந்து உசுர எடுத்தீங்க?"

அண்டாவை எட்டி உதைக்கக் காலைத் தூக்கினார். பாதிக்கு மேல் கால் எழவில்லை. பாதம் துவண்டு தொங்கியது. சுவரைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். அவருக்கும் வெகு நாளாகவே கால் மரத்துப்போயிருந்தது. கௌரவம் போய்விடும் என்று வெளியே சொல்லவில்லை. சடைச்சி அவரைத் தூக்கிவிடவில்லை. நெல்லைக் கிளறப் போய்விட்டாள்.

காயவைத்துக் குத்திய அரிசி கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. அவள் தின்றாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நாலைந்து நாளில் அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. அதைக் கேட்டுத்தான் மற்றவர்களும் அண்டாவைத் தேடினார்கள். பெருங்காடனும் அதே அரிசியைத் தின்றுதான் எழுந்து நடந்தார்.

நடக்க முடிந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? நெல்லை அவிக்கச் சொன்னதே தான்தான் என்றார். தவிட்டைத் திரும்பக் கூப்பிட்டாரா? இல்லை. அக்கரைச் சம்பந்திகள் வந்தபோது அவிக்காத நெல்லையே தீட்டி, வெள்ளைச் சோறு போட்டார். அவர்களும் மெச்சிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தவிடு எல்லாவற்றையும் தொட்டியிலிருந்து பார்த்தது. அதன் பிறகு மனிதரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று முதல்தான் நெல்லை அவித்துக் குத்துகிறோம், தவிட்டை மாட்டுக்கு வைக்கிறோம். விருந்தாளி வந்தால் மட்டும் அரிசி வெள்ளையாக இருக்கிறதா என்று இன்னும் இலையை எட்டிப் பார்க்கிறோம்.