நான்காவது கல்

ஒரு ஊரில் போர்வீரர்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. அதன் கடைசி வரிசையில் ஏழு கற்கள். வாசல் பக்கம் நின்ற முதல் கல்லுக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. 'சிப்பாய் ஞானமுத்து' என்று அதன் நெற்றியில் வெட்டியிருந்தது. போதாததற்கு, ஞானமுத்துவின் மகள் சலேத்தம்மாள் ஆண்டு தவறாமல் வந்து, மல்லிகைச் சரம் சூட்டி, வீட்டுக் கதையெல்லாம் சொல்லி அழுதுவிட்டுப் போவாள். அப்பா போருக்குப் போனபோது அவள் கைக்குழந்தை. அவளுக்கு அப்பா என்றால் அந்தக் கல்தான்.

நடுவில் நின்ற நான்காவது கல்லில் பெயரே இல்லை. 'ஒரு போர்வீரர்' என்று மட்டும் இருந்தது.

"ஏனப்பா, உனக்குக் கீழே யார்?" என்று முதல் கல் சீண்டும்.

"தெரியாது" என்று நான்காவது கல் சொல்லும்.

"ஆள் யாரென்றே தெரியாமல் காவல் நிற்கிறாயாக்கும்!"

வரிசையே கொல்லென்று சிரிக்கும். பார்க்க ஒருவரும் வராத ஏழாவது கல்கூட, தன்மேல் 'சிப்பாய் பால்துரை' என்று பெயர் இருக்கிற தைரியத்தில் சேர்ந்து சிரிக்கும்.

ஐம்பதாவது ஆண்டு, மழைநீர்க் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். முதல் கல்லின் அடியில் மண் சரிந்து, எலும்போடு ஒரு தகடு வந்தது. வீரர்கள் கழுத்தில் கட்டியிருக்கும் அடையாளத் தகடு. தோட்டக்காரர் துடைத்துப் படித்தார்.

"பால்துரைன்னு இருக்கு சார்."

முதல் கல்லுக்குத் திக்கென்றது. "பொய்! ஞானமுத்து! என் நெற்றியைப் பாருங்கள்!" என்று கத்தியது. கல் கத்தி யாருக்குக் கேட்கும்?

வேலையை மேற்பார்வை பார்க்க வந்திருந்த அதிகாரி பழைய வரைபடத்தை விரித்தார். காட்டில் கிடந்த உடல்களைக் கொண்டுவந்து புதைத்தவர்கள் மறுகோடியில் நின்ற வேப்பமரத்துப் பக்கமிருந்து எண்ணியிருந்தார்கள். பிறகு கல் நட வந்தவர்கள் வாசல் பக்கமிருந்து எண்ணிவிட்டார்கள். வரிசையே தலைகீழ். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் இடம் மாறாதது நான்காவது கல் ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து சலேத்தம்மாள் பூவோடு வந்து நின்றாள். அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன வருசமா நான் யாருகிட்ட சார் பேசிக்கிட்டிருந்தேன்?"

முதல் கல்லுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது. அவள் கல்யாணம், தாலியறுத்தது, பேரன் பிறந்தது எல்லாம் அதனிடம்தான் சொன்னாள். ஒரு சொல்கூட அவள் அப்பாவிடம் போய்ச் சேரவில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். ஏழாவது கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். திரும்பி வந்து, சரத்தில் பாதியைப் பிய்த்து முதல் கல்லின் அடியில் வைத்தாள்.

"எங்கதையெல்லாம் கேட்டது இந்தப் புள்ளதானே. இதுக்குன்னு ஒருத்தரும் வரலையே."

அவள் போன பிறகு, முதல் கல் மெல்லக் கேட்டது: "உனக்குக் கீழே யாரப்பா?"

"தெரியாது" என்றது நான்காவது கல்.

இந்த முறை ஒரு கல்லும் சிரிக்கவில்லை.