உருவிய நூல்

"இது மொத்தத்தையும் ஆத்துல போட்டுடப் போறேன், டீச்சர்."

சொன்னவன் டகோகோ. நைஜீரியாவில், கடலோரத்துக் கலாபாரி ஜனங்களில் ஒருவன். கேட்டுக்கொண்டிருந்தவள் பேலேமா. மண், துணி, வீடியோ என்று எதையும் விட்டுவைக்காத கலைஞர். அவனைவிடப் பத்து வயது இளையவள். இருந்தால் என்ன, விஷயம் யாரிடம் இருக்கிறதோ அவர்தானே டீச்சர்!

"என்ன ஆச்சு?"

"வரைஞ்சேன். களிமண்ணுல செஞ்சேன். வீடியோவும் எடுத்துட்டேன். எல்லாமே வேற யாரோ செஞ்ச மாதிரி இருக்கு. நாளைக்குக் கண்காட்சி. இது நிஜமாவே உன்னோடதான்னு கேட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஆமாங்கறது?"

"வீடியோவைப் போடுங்க."

போட்டான். அடேயப்பா! முரசு அதிர்ந்தது. முகமூடிகள் குதித்தன. டகோகோவின் குரல் வேர், மண், பரம்பரை என்று முழங்கித் தள்ளியது. இத்தனைக்கும் நடுவில் அவன் அத்தை எங்கோ ஒரு மூலையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

பேலேமா அலமாரியிலிருந்து கட்டம் போட்ட துணி ஒன்றை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"இது யாரோடது?"

"இதென்ன கேள்வி? நம்மளோடது. நல்லது கெட்டது எதுக்கும் இதைத்தானே கட்டறோம்."

"நெய்தது யாரு?"

"மெட்ராஸ் பக்கம் யாரோ. கப்பல்ல வந்தது."

"அப்புறம் எப்படி நம்மளோடது ஆச்சு?"

"நம்ம பொம்பளைங்க பிளேடால அங்கங்க நூலை அறுத்து உருவுவாங்க. உருவின இடத்துல புதுசா டிசைன் விழும். உங்களுக்குத் தெரியாததா?"

"மேல என்ன சேர்ப்பாங்க?"

"ஒண்ணும் சேர்க்க மாட்டாங்களே. உருவறது மட்டும்..."

டகோகோ சட்டென்று எழுந்தான்.

விறுவிறுவென்று போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். வீடியோவிலிருந்து முரசை எடுத்தான். முகமூடிகளை எடுத்தான். தன் குரலை எடுக்கத்தான் கொஞ்சம் வலித்தது. அதையும் எடுத்தான்.

அத்தை மட்டும் மிஞ்சினாள். கையெல்லாம் மீன் செதிலோடு நிமிர்ந்து, கலாபாரி மொழியில் ஒரு சத்தம் போட்டாள்.

"டேய் தடியா! அந்தக் கேமராவைக் கீழ வச்சிட்டு வந்து மீனை அலசு!"

படமெடுக்கும் மும்முரத்திலும், பிறகு சேர்த்த முரசுச் சத்தத்திலும் இது அவன் காதிலேயே விழுந்ததில்லை. டகோகோவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் கலங்கியது.

"டீச்சர், இதையும் உருவிடணுமா?"

"உருவித்தான் பாருங்களேன்."

அவனுக்குக் கை வரவில்லை.