ஒட்டுப்போட்ட தூக்கணாங்கூடு

காட்டுக் குளத்தின் மேலே சாய்ந்து நின்ற ஈச்ச மரத்தில் பொன்முடி என்ற ஆண் தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. தூக்கணாங்குருவிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமல்லவா? ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்திவிடும். பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்திருந்தால்தான் மீதிப் பாதி!

பொன்முடியின் வேலை கச்சிதம். ஆனால் அதற்குத் தன் கூடே பிடிக்காது.

"இந்த முடிச்சு கோணல்! வர்றவ சிரிப்பாளே!" என்று பாதிக் கூட்டை விட்டுவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விடும். புதுக் கூட்டுக்குப் புது நார் வேண்டாமா? குளக்கரைக்குப் பறந்து நாணலைப் பிடித்து இழுக்கும். ஓர் இலையில் ஒரே ஒரு கீற்றைக் கிழித்துக்கொண்டு, மிச்சத்தை முறித்துத் தண்ணீரில் போட்டுவிடும்.

மரம் முழுக்கப் பாதிக் கூடுகள் தொங்கின. சில காற்றில் அறுந்து, கரைச் சேற்றில் கவிழ்ந்து கிடந்தன. குளத்தில் முறித்த நாணல் அழுகி நாறியது.

நாணலுக்குள் குஞ்சுகளோடு குடியிருந்த கானாங்கோழிக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, குளக்கரையையே மொட்டையடிச்சுட்டியே! வல்லூறு வந்தா என் பிள்ளைங்க எங்க ஒளியும்?"

"கவலைப்படாதீங்க அக்கா! நாணல்தானே, வளர்ந்துடும்!" என்று சொல்லிக்கொண்டே பொன்முடி இன்னொரு இலையை முறித்தது.

ஒருநாள் கோமளி என்ற பெண் குருவி வந்தது. கடைசியாகக் கட்டிய பாதிக் கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தது. கொத்திப் பார்த்தது. ஊஞ்சலாடியும் பார்த்தது.

"எனக்குப் பிடிச்சிருக்கு! ஆனா மேகம் கறுத்துக்கிட்டு வருது. மழைக்கு முன்னாடி முடிச்சுடுங்க. இல்லேன்னா நான் வேற மரம் பார்த்துக்குவேன்!"

பொன்முடிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே பாய்ச்சலில் குளக்கரைக்குப் போனது. அங்கே நாணலின் வெறும் அடிக்கட்டைகள்தான் நின்றன. எதிர்க்கரையிலும் அதே கதி. எல்லாம் தானே செய்த வேலைதான்! பாவம், அதற்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, தொங்கும் பழைய கூடுகளைப் பிரிக்கலாம் என்று ஒன்றில் அலகை வைத்தது. காய்ந்த நார் பொட்டென்று ஒடிந்தது. இன்னொன்றை இழுத்தது. அதுவும் ஒடிந்தது.

அந்த நேரம் பார்த்து வானத்தில் வல்லூறு வட்டமிட்டது! கானாங்கோழிக் குஞ்சுகள் ஒளிய இடமின்றி அங்குமிங்கும் ஓடின. பொன்முடி கிளை நுனிக்குப் பாய்ந்தது.

"கூட்டுக்குள்ள போங்க! சேத்துல கிடக்குதே, அந்தக் கூட்டுக்குள்ள!" என்று கத்தியது.

குஞ்சுகள் கவிழ்ந்து கிடந்த கூடுகளுக்குள் புகுந்துகொண்டன. வல்லூறு ஏமாந்து போய்விட்டது.

பொன்முடி கீழே இறங்கி, ஒரு கூட்டின் ஓரத்து நாரை மெல்ல இழுத்துப் பார்த்தது. அட! ஒடியவே இல்லை. ஈரத்தில் ஊறி, பச்சை நார் போல வளைந்தது!

"அதைப் பிரிச்சுடாதே தம்பி! இப்போ என் பிள்ளைங்களுக்கு அதுதான் வீடு!" என்றது கானாங்கோழி.

"தொட மாட்டேன் அக்கா! மேலே தொங்குறது எனக்குப் போதும். என்னை மன்னிச்சுடுங்க!"

அவ்வளவுதான்! மரத்தில் தொங்கிய பழைய கூடுகளை அப்படியே அறுத்துக் குளத்தில் ஊறவைத்தது. ஊறிய நாரைப் பிரித்தெடுத்துப் பின்னியது. முதல் துளி விழுவதற்குள் கூடு முடிந்துவிட்டது. ஆனால் மேலே பச்சை, கீழே பழுப்பு!

கோமளி திரும்பி வந்தபோது பொன்முடி தலையைக் குனிந்துகொண்டது. "எல்லாம் பழைய நார். பார்க்க அவ்வளவு நல்லா இருக்காது..."

"மழை ஒழுகுமா?"

"ஒரு சொட்டு ஒழுகாது!"

"அப்புறம் என்ன? முட்டை உள்ளே வந்து நிறமா பார்க்கப்போகுது?" என்று சிரித்தபடி கோமளி உள்ளே நுழைந்தது.

மழை கொட்டியது. நாணல் மறுபடி துளிர்த்தது. அதன்பிறகு பொன்முடி ஓர் இலையில் ஒரு கீற்றை மட்டும் எடுத்து, இலையை அப்படியே நிற்க விட்டது. முடிச்சு கோணினால் அவிழ்த்து, அதே நாரால் மறுபடி போட்டது.

எடுக்கும்போதே மிச்சம் வைத்து எடுத்து, எடுத்ததைக் கடைசி நார்வரை பயன்படுத்துகிறவர்களே தங்கள் வீட்டையும் காப்பாற்றுகிறார்கள், அடுத்தவர் வீட்டையும் காப்பாற்றுகிறார்கள்.